ஆழம் குறைவுதானே என்று அலட்சியம் வேண்டாம்!

பூம்புகார் கடலில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் பழங்காலக் கப்பல் ஒன்று உடைந்து கிடக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் மூழ்கி ஆராய்ந்தபோது ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது! இதையெல்லாம் படித்தால் நாமும் கடலடியைப் பார்க்கலாமே என்று ஆசை வரும். தப்பில்லை. புதுச்சேரியில் பயிற்சியே தருகிறார்கள். ஆனால் "ஆழம் குறைவுதானே" என்ற அலட்சியம் மட்டும் கூடாது.

ஏன் தெரியுமா? 10 மீட்டர் இறங்கினாலே உடம்பின் மீதுள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். 19 மீட்டரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. சளி பிடித்துக் காது அடைத்திருந்தால் செவிப்பறை கிழியலாம். அன்றைக்கு இறங்கவே வேண்டாம். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி மேலே வரும்போது மூச்சை அடக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

அடுத்தது குளிர். தண்ணீர், காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் 1919-ல் மூழ்கிய ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்கப் போகிறவர்கள், தடித்த உடை இல்லாமல் இறங்குவதில்லை. நம் கடல் வெதுவெதுப்புதான். ஆனாலும் 37 டிகிரி உடம்புக்கு அது குளிர்ச்சியே. நடுக்கம் கண்டால் போதும், நிதானமாக மேலே வந்துவிடுங்கள். தலை துவட்டி, உலர்ந்த உடை மாற்றி, சூடாகச் சுக்குமல்லிக் காபி குடியுங்கள்.

ரமணாசிரமம் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் புதுச்சேரியில் மூழ்கிவிட்டு, மாலையில் இங்கே மலையேற நினைக்காதீர்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்தாற்போலக் குமிழி கிளம்பும். ஊட்டி, கொடைக்கானல், விமானப் பயணம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு முழு நாள் பொறுங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூழ்கி வந்த பிறகு மூட்டு வலியோ, மரத்துப்போதலோ, தலைச்சுற்றலோ கண்டால் "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இது கஷாயத்துக்கு அடங்குகிற வலி அல்ல. பிராணவாயுவும், அழுத்த அறைச் சிகிச்சையும் தேவைப்படும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "கடலில் மூழ்கினேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.