முதல் கதிர் அன்னைக்கே!

மதுரைக்கு வடமேற்கே, சிறுமலைச் சாரலை நோக்கி விரியும் வயல்களின் நடுவே அமைந்த ஊர் வாடிப்பட்டி. 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்கு வந்து சேர்ந்தது. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் பூமியாயிற்று. வாடிப்பட்டி வட்டார வயல்களும் அந்த நீரை உண்டு வளர்பவையே.

அறுவடை என்பது இங்கே வேலை மட்டுமன்று. அது ஒரு வழிபாடு. நல்ல நாள் பார்த்து, கீழ்த்திசை நோக்கிக் கும்பிட்டு, முதல் அரியை அறுப்பார்கள். அந்தக் கதிர் குலதெய்வத்தின் சந்நிதிக்கோ வீட்டுப் பூஜை அறைக்கோ போய்ச் சேரும். களத்தில் மாடுகளைப் பிணைத்துப் போரடித்து, காற்று வரும் திசை பார்த்துத் தூற்றி, பொலியைக் குவித்து, அதன்மேல் சாணப் பிள்ளையாரை எழுந்தருளச் செய்த பின்னரே மரக்காலைக் கையில் எடுப்பார்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என எண்ணுவதில்லை. 'லாபம்' என்றே தொடங்குவார்கள். அறுத்தவர்க்கும் ஊர்த்தொழில் செய்வோர்க்கும் களத்திலேயே நெல் அளக்கப்படும். கொடுத்தது போகவே வீட்டுக்கு.

உழவரின் இந்த வழக்கத்தை அன்னை மீனாட்சியும் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். தை தெப்பத் திருவிழாவில், தெப்பத்துக்கு முந்தைய நாள் அம்மையும் சொக்கநாதரும் சிந்தாமணிக்கு எழுந்தருள்கின்றனர். அங்கே கதிரறுப்பு வைபவம் நடைபெறுகிறது. உலகுக்கெல்லாம் படியளப்பவர்கள் வயல் தேடி வரும் திருநாள் அது!

நெல்லுக்கும் ஆலவாய் அண்ணலுக்கும் உள்ள உறவைத் திருவிளையாடற் புராணத்தின் 'உலவாக்கோட்டை அருளிய படலம்' உரைக்கிறது. மதுரையில் வாழ்ந்த வேளாளர் நல்லான், தம் மனைவி தருமசீலையுடன் நாள்தோறும் அடியார்களுக்கு அமுது படைத்து வந்தார். இறைவன் சோதித்தான், விளைச்சல் குன்றியது. கடன் வாங்கியும் அன்னமிட்டார். கடனும் கிடைக்காத நாளில், அடியாரைப் பட்டினி போடுவதைவிட உயிர் விடுவதே மேல் என்று சந்நிதியில் நின்றார். அவரது இல்லத்தில் எடுக்க எடுக்கக் குறையாத உலவாக்கோட்டையை ஈசன் அருளினான்.

இன்று அரிவாள் பிடித்த கைகள் குறைந்துவிட்டன. முற்றிய பயிர் மழையில் சாயாமல் காப்பது அறுவடை இயந்திரமே. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் களம் மறைந்தபோது, களத்தில் அளந்து கொடுத்த தர்மமும் மெல்ல மறைகிறது. முதல் அரியை அறுத்துக் காட்டப் பேரப்பிள்ளைகள் அருகில் இல்லை என்ற ஏக்கம் முதியோர் பலருக்கு உண்டு.

இயந்திரம் வயலில் இறங்குமுன் ஒரு பிடிக் கதிரையேனும் கையால் அறுத்துத் தெய்வத்துக்குச் சாத்தலாம். நகரில் வாழ்வோர் புத்தரிசியில் ஒரு படியை அன்னதானத்துக்கு அளிக்கலாம். கொடுக்கும் வீட்டில் நெல் குறையாது என்பதே நல்லானின் கதை. அன்னை மீனாட்சியின் அருளால் எல்லா இல்லங்களிலும் குதிர் நிறையட்டும்!