திறக்கும்போதே மூடிக்கொள்ளும் சொற்றரவுத்தளம்

அகராதிப் பணிக்கென மைக்ரோசாப்ட் ஆக்சஸில் அமைத்த தரவுத்தளம் திறந்தவுடன் மூடிக்கொண்டால், ஆண்டுக்கணக்கில் திரட்டிய சொற்கள் அழிந்தன என முடிவுகட்டுதல் தவறு. பழுது மென்பொருளிலோ, தொடக்கப் படிவத்திலோ, சொற்களைத் தாங்கும் அட்டவணையிலோ இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதே முதற்பணி.

முதலில் கோப்பினைப் படியெடுத்துக்கொண்டு, சோதனைகள் அனைத்தையும் அப்படியிலேயே நிகழ்த்த வேண்டும். அதே மென்பொருளில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்று தடையின்றி இயங்கினால் பழுது பெரும்பாலும் நம் கோப்பினுள்ளேயே உள்ளது எனலாம். அடுத்து, ஷிப்ட் விசையை அழுத்தியவாறே கோப்பினைத் திறக்க வேண்டும். இவ்வசதி முன்னரே தடுக்கப்பட்டிராவிடில், தொடக்கப் படிவமும் தானியங்கு கட்டளைகளும் அப்போது செயற்படா. எங்கள் இருமொழிச் சொற்றொகுதி இவ்வாறே திறந்தது; தலைச்சொற்களை எண்ணிக் காட்டுமாறு நாங்களே சேர்த்திருந்த படிவம்தான் பழுதுற்றிருந்தது. அட்டவணைகளை மட்டும் புதிய தரவுத்தளத்திற்கு இறக்குமதி செய்தோம். ஒரு சொல்லும் குறையவில்லை.

அவ்வாறும் திறவாதபோதே சுருக்கிச் சீராக்கும் வசதியை நாட வேண்டும். அது சிதைந்த பதிவுகளை நீக்கிவிடவும் கூடுமாதலின், சீராக்கியபின் தலைச்சொற்களின் எண்ணிக்கையைப் பழைய அச்சுப்படியோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. ஒலிப்புப் பதிவுகளை அட்டவணைக்குள்ளேயே பொதிந்து வைப்போர் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும்: ஆக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 கிகாபைட்டே.