அம்பாசிடர் மகிழுந்தின் வீட்டுப் பராமரிப்பு

அம்பாசிடர் மகிழுந்தின் வீட்டுப் பராமரிப்பு என்பது, இந்த வகைப் பழைய வண்டியை வைத்திருப்போர் பட்டறைக்குச் செல்லாமல் தாமே செய்யத்தக்க சோதனை, சீரமைப்பு, பழுதுநீக்க வேலைகளைக் குறிக்கும். பிரித்தானியாவின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடரை, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் தயாரிக்கத் தொடங்கியது. தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றது. ஆகவே இன்று ஓடும் அம்பாசிடர்களில் மிகப் புதியதும் பத்தாண்டைக் கடந்துவிட்டது. இவ்வண்டியின் எஞ்சினைக் காதால் கேட்டே குறை சொல்லும் மெக்கானிக்குகளும் குறைந்து வருகின்றனர். பொழுதுபோக்குக்காக மட்டுமன்றி, வேறு வழியில்லாமலும் உரிமையாளர்கள் ஸ்பேனரைக் கையில் எடுக்கின்றனர்.

இக்கட்டுரை 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் கொண்ட வண்டிகளைப் பற்றியது. டீசல் வண்டிகளுக்கும், 1990களில் வந்த 1817 கன செ.மீ. இசுசு எஞ்சின் வண்டிகளுக்கும் பிரேக், குளிர்விப்பு ஆகிய பகுதிகள் மட்டுமே பொருந்தும்.

வீட்டு வேலைக்கு ஏற்ற அமைப்பு

இந்த எஞ்சினில் கணினி இல்லை, உணரிகள் இல்லை. பானட்டைத் திறந்தால் பிளக், டிஸ்டிரிபியூட்டர், கார்புரேட்டர், டைனமோ என ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். கை நுழைய இடமும் உண்டு. எஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் சேர வேண்டும், அக்கலவை அழுத்தப்பட வேண்டும், உரிய நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். வண்டி கிளம்பவில்லை என்றால் இவற்றுள் ஒன்று தவறியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்காமல் பொருளை மாற்றத் தொடங்குவதே வீட்டில் வேலை செய்வோர் பெரும்பாலும் செய்யும் பிழை. பாயிண்ட், கண்டன்சர், காயில், பிளக் அனைத்தையும் புதிதாக வாங்கிப் போட்ட பின்னர், பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளை உப்புதான் காரணம் என்று தெரியவருவதுண்டு.

ஸ்பேனர் அளவு

அம்பாசிடரின் நட்டுகளும் போல்ட்டுகளும் அங்குல அளவில் அமைந்தவை. இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஸ்பேனர் தொகுப்புகளோ மில்லிமீட்டர் அளவில் வருகின்றன. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதன்மேல் 13 மி.மீ. ஸ்பேனர் ஏறிவிடும். ஆனால் துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்தால் அந்த 0.3 மி.மீ. இடைவெளியே நட்டின் முனைகளை மழுக்கிவிடும். 9/16 அங்குலம் 14.29 மி.மீ. ஆகையால் 14 நுழையாது, 15 ஆடும். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் (19.05 மி.மீ.) 19 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறைய ஒத்துவரும். அங்குல அளவில் ஒரு ரிங் ஸ்பேனர் தொகுப்பு வாங்குவது இவ்வண்டிக்குச் செய்யும் முதல் செலவாக இருக்க வேண்டும். இசுசு எஞ்சின் மில்லிமீட்டர் அளவிலானது என்பதால், அந்த வண்டி வைத்திருப்போருக்கு இரு தொகுப்புகளும் தேவை.

வண்டியைத் தூக்குதல்

வீட்டுப் பராமரிப்பில் உயிரைப் பறிக்கக்கூடிய முதல் இடம் இது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கான கருவி. தாங்கி நிற்பதற்கானது அன்று. அதன் எண்ணெய் அடைப்பான் கசிந்தாலோ, அடியிலுள்ள மண் இளகினாலோ ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை ஒரு நொடியில் இறங்கிவிடும். தூக்கிய உடன் இரும்புத் தாங்கிகளை அடியில் நிறுத்தி, வண்டியை அவற்றின் மேல் இறக்கிய பின்னரே கீழே செல்லலாம். செங்கல்லையும் ஹாலோ பிளாக் கல்லையும் அடுக்கித் தாங்கியாகப் பயன்படுத்துவது பல வீடுகளில் காணப்படும் வழக்கம். அவை எச்சரிக்கை எதுவும் தராமல் உடையும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பின்சக்கரங்களைத் தூக்கினால் கைப்பிரேக் பயனற்றது. அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும்.

அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சுமையைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி துருவால் உளுத்திருந்தால் அங்கு ஜாக்கி வைக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தால், உறுதியான தகடு கணீரென்றும் உளுத்தது மந்தமாகவும் ஒலிக்கும்.

தீப்பொறி

டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பாயிண்ட் எனப்படும் இரு தொடுமுனைகள் தெரியும். இவை பிரியும் ஒவ்வொரு முறையும் காயிலில் உயர் மின்னழுத்தம் உண்டாகி, ரோட்டர் வழியாக 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குச் செல்கிறது. எஞ்சினைச் சிறிது சிறிதாகச் சுற்றி, பாயிண்டின் நகரும் கை கேமின் மேட்டில் ஏறி முனைகள் முழுவதும் பிரிந்திருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் தகடு இலேசான உரசலுடன் நுழைந்து வெளிவருவதே சரியான அளவு. முனைகள் அடிக்கடி கருகிப் போனால் பாயிண்டை மாற்றுவதோடு நிற்காமல் கண்டன்சரையும் ஐயுற வேண்டும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு தாளில் அடுக்கிப் பார்ப்பது நல்லது. இளம் பழுப்பு நிறம் எரிதல் சரியாக நடப்பதைக் காட்டும். உலர்ந்த கரிப்புகை பெட்ரோல் மிகுதியையும், எண்ணெய்ப் பிசுக்கு பிஸ்டன் ரிங் அல்லது வால்வுத் தேய்மானத்தையும் காட்டும். நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால் குறை அந்தச் சிலிண்டரில்தான். கார்புரேட்டரைத் தொட வேண்டியதில்லை.

கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும் வசதியுள்ள பழைய வண்டிகளில், பெருவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால், கைப்பிடியைச் சுற்றி வளைத்த பெருவிரல் முறியும்.

டாப்பெட் இடைவெளியும் ஈயமற்ற பெட்ரோலும்

எட்டு வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்வதற்குப் பழைய மெக்கானிக்குகள் ஒரு கூட்டல் கணக்கை வைத்திருந்தனர். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ள வேண்டும். எந்த வால்வு முழுவதும் அழுந்தித் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை 9-இலிருந்து கழித்தால் வருவதே அப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு. எட்டாவது திறந்திருந்தால் முதலாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. கேம் தண்டில் அவ்விரு வால்வுகளின் மேடுகளும் எதிரெதிரே இருப்பதால் இக்கணக்கு பொருந்துகிறது. இடைவெளியின் அளவையும், எஞ்சின் சூடாக இருக்க வேண்டுமா ஆறியிருக்க வேண்டுமா என்பதையும் அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளந்த எண்களை ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வைப்பது வெறும் ஒழுங்குக்காக அன்று. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் புகைபோக்கி வால்வுகள் அமரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்தது அந்த ஈயம்தான். அது இல்லாதபோது, கடினமாக்கப்படாத இருக்கைகள் மெல்லத் தேய்ந்து வால்வு மேலேறுகிறது, இடைவெளி குறைகிறது. இவ்வெஞ்சினில் 1, 4, 5, 8 ஆகியவை புகைபோக்கி வால்வுகள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இந்நான்கில் மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், தலையை லேத் பட்டறைக்குக் கொடுத்துக் கடினமான இருக்கை வளையங்கள் பொருத்த வேண்டிய காலம் வந்துவிட்டது. டாப்பெட் சத்தமே இல்லாத அம்பாசிடரைக் கண்டு மகிழ்வோர் உண்டு. உண்மையில் இலேசாகச் சத்தமிடும் டாப்பெட்டைவிட ஓசையின்றி இறுகிய டாப்பெட்டே வால்வைக் கருக்கும்.

பெட்ரோல் குழாய்கள்

தற்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் சில இடங்களில் ஊதி மென்மையாகிறது. சில இடங்களில் காய்ந்து வெடிக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியின் டாங்கில் துரு கூடுகிறது. எத்தனாலைத் தாங்கும் எனக் குறிப்பிட்டு விற்கப்படும் குழாய்களை வாங்கி, டாங்க் முதல் கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் பகுதிகள் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றிவிடுவது பாதுகாப்பானது. விலை குறைவு, எஞ்சின் அறையில் சூடான புகைக்குழாயின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். இவ்வேலை திறந்த வெளியில், பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிய பின் செய்யப்பட வேண்டும்.

எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று பொருள். அந்நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. பம்பைச் சரிசெய்து எண்ணெயையும் மாற்ற வேண்டும். கோடையில் மேட்டில் நின்றுவிடும் வண்டியின் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் பழைய வழக்கம் அறிவியலுக்குப் பொருந்தியதே: சூட்டில் ஆவியான பெட்ரோல் குளிர்ந்து மீண்டும் நீர்மமாகிறது.

குளிர்விப்பு

ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது எஞ்சினைச் சூடாக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. கொதிகலனில் படிவது போலவே சுண்ணாம்புப் படிவு எஞ்சினின் நீர்வழிகளில் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. வாலைவடி நீருடன் கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது; அழுத்தம் நீங்கியதும் நீர் பொங்கி முகத்தில் அடிக்கும். எண்ணெய் மூடியின் உட்புறம் மோர் போன்ற வெண்மை திரண்டிருப்பதும், எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வருவதும் தலைக் கேஸ்கட் போனதைக் காட்டலாம்.

பிரேக்

பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இணைந்தவை. எங்காவது ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் ஒருசேரப் போய்விடும். எஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே வாரம் ஒருமுறை பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்ப்பது மற்ற எல்லா வேலைகளையும்விட முதன்மையானது. மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் படிந்திருக்கிறதா, மிதியின் அடியில் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறதா என்று தேட வேண்டும்.

மிதியே பல குறைகளைச் சொல்லிவிடும். பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. முதல் மிதிப்பில் ஆழமாக இறங்கி, இரண்டாம் மூன்றாம் மிதிப்பில் உயர்ந்தால், லைனிங் தேய்ந்து ஷூக்கள் டிரம்மிலிருந்து விலகியுள்ளன; சரிசெய் திருகால் சக்கரம் சுழலாதபடி இறுக்கி, பின்னர் தடையின்றிச் சுழலும் வரை தளர்த்த வேண்டும். மிதித்தபடி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

பிரேக் ஆயில் என்ற பெயரே சிலரைத் தவறாக வழிநடத்தியிருக்கிறது. அது எஞ்சின் ஆயிலைப் போன்ற கனிம எண்ணெய் அன்று. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலைச் சிறிதளவு ஊற்றினாலும் ரப்பர்கள் ஊதிப்போய், எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

பட்டறைக்கு விட வேண்டியவை

முன்சக்கரத் தொங்கலில் உள்ள முறுக்குத் தண்டுகள் வண்டியின் எடையைத் தாங்கி முறுகிய நிலையில் இருப்பவை. அவற்றை வீட்டில் கழற்றுவது கண்ணையோ கையையோ இழக்கச் செய்யலாம். உளுத்த தகட்டை வெட்டி வெல்டிங் செய்வது, ஸ்டியரிங் பெட்டியைப் பிரிப்பது ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. கழித்த எஞ்சின் ஆயிலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாமல், கேனில் சேர்த்துப் பழைய எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுக்கலாம். பழைய உதிரிகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் பெயர்பெற்றவை. ஆயினும் பிரேக் ரப்பர், குழாய் போன்றவற்றை ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது.

பதிவு புதுப்பித்தல்

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய அம்பாசிடர்கள் ஏராளம். அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியிருக்காவிட்டால் புதுப்பித்தல் தடைபடும். ஆய்வுக்குச் செல்லுமுன் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் படிக்கத்தக்கவாறு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவற்றின் மேலுள்ள பிசுக்கை நீக்க மண்ணெண்ணெயில் நனைத்த துணியே போதும். உப்புத்தாளோ அரமோ கொண்டு தேய்த்தால், எண்ணைத் திருத்த முயன்றதாக ஐயம் எழும்.