பழுது எங்கே? காரணம் எங்கே?

புதிதாகக் கட்டிய வீடும் ஓரிரு ஆண்டுகளில் பழசாகத் தொடங்கிவிடுகிறது. குழாய் சொட்டுகிறது. சுவரில் உப்புப் பூக்கிறது. கதவு நிலையில் இடிக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது. ஒரு நாள் இரவு திடீரென்று விளக்குகள் அணைந்து போகின்றன.

வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? குழாயை இன்னும் அழுத்தி முறுக்குகிறார். சுவரின் மேல் வண்ணம் பூசுகிறார். கதவை இழைக்கிறார். கன்றை வெட்டிவிடுகிறார். பியூஸ் போன இடத்தில் கனமான கம்பியைச் சுற்றிவிடுகிறார். இந்த ஐந்துமே உடனடியாகப் பலன் தருவதுபோல் தோன்றும். ஆனால் ஐந்துமே தவறானவை; ஐந்தாவது உயிருக்கே ஆபத்தானது. ஏனெனில் இவற்றில் எதுவும் பழுதின் காரணத்தைத் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை மட்டுமே மறைத்திருக்கின்றன.

வீட்டுப் பழுது ஒவ்வொன்றும் ஓர் அறிவியல் சோதனை. முதலில் உற்று நோக்க வேண்டும். பிறகு காரணத்தை ஊகிக்க வேண்டும். ஊகம் சரிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். அந்த ஐந்து பழுதுகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

சொட்டும் குழாய்

முதலில் இழப்பை அளப்போம். சொட்டும் குழாயின் கீழ் ஒரு டம்ளரை வைத்து, 100 மில்லிலிட்டர் நீர் சேர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 10 நிமிடம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மணிக்கு 600 மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், ஓர் ஆண்டுக்கு 5,256 லிட்டர்! சொட்டுத்தானே என்று அலட்சியப்படுத்தியது ஆண்டு முடிவில் 350 குடங்களுக்குமேல் ஆகிவிடுகிறது.

நீர் எங்கிருந்து கசிகிறது? இதுதான் முதல் கேள்வி. குழாயின் வாயிலிருந்து சொட்டினால் காரணம் ஒன்று. கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றிக் கசிந்தால் காரணம் வேறு.

திருகிமூடும் குழாயை 1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரிலிருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பு நிறுவனம் காப்புரிமை பெற்றுத் தயாரித்தது. அதன் அமைப்பு எளிது. கைப்பிடியைத் திருப்பினால் திருகு வெட்டிய தண்டு கீழே இறங்குகிறது. தண்டின் அடியில் ரப்பர் வாஷர் இருக்கிறது. அது நீர் வரும் துளையின் விளிம்பின்மேல் அமர்ந்து வழியை அடைக்கிறது.

திருகு ஓர் எளிய எந்திரம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கைப்பிடியின் நீளம் 3 சென்டிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றில் உங்கள் விரல் சுமார் 19 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. அதற்குள் தண்டு 3 மில்லிமீட்டரே இறங்குகிறது என்று கொண்டால், விசை சுமார் 60 மடங்கு பெருகுகிறது. உராய்வு இதில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். ஆயினும் மீதியுள்ள விசையே ரப்பரை நசுக்கப் போதுமானது. ஆகவே சொட்டுகிறதே என்று பலம் கொண்ட மட்டும் முறுக்கினால், தேய்ந்த வாஷரில் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. நாளைக்கு இன்னும் அதிகமாகச் சொட்டும்.

வாஷரை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. அந்தக் குழாய்க்கு நீர் வரும் வால்வை முதலில் மூடுங்கள். பிறகு குழாயைத் திறந்து, உள்ளே தங்கிய நீரை வெளியேற விடுங்கள். கீழே தொட்டியின் துளையில் ஒரு துணியைச் செருகி வையுங்கள். சிறிய திருகாணி அதில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. ஸ்பானர் பிடிக்கும் இடத்திலும் துணியைச் சுற்றிக்கொண்டால் பளபளப்புப் பூச்சு கீறாது. கழற்றிய பாகங்களை, கழற்றிய வரிசையிலேயே ஒரு செய்தித்தாளின்மேல் அடுக்குங்கள். பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியதை வாங்குங்கள்.

புதிய வாஷர் போட்டும் வாயிலிருந்து சொட்டுகிறதா? அப்படியானால் உங்கள் ஊகம் பாதிதான் சரி. வாஷர் அமரும் பித்தளை விளிம்பு அரிக்கப்பட்டிருக்கலாம். அதைச் சீராக்கும் கருவி பிளம்பரிடம் இருக்கும். தண்டைச் சுற்றிக் கசிந்தால், அங்கே அடைத்துள்ள நூலோ ரப்பர் வளையமோ தேய்ந்திருக்கும். கால் சுற்றில் திறந்து மூடும் இன்றைய குழாய்கள் பலவற்றில் வாஷருக்குப் பதிலாக இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இவற்றில் உள்பாகத்தை முழுமையாக மாற்றுவதே வழி.

ஓதம் ஏறிய சுவர்

சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளை மாவுபோலப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இதன்மேல் புதிய வண்ணம் பூசினால் சில மாதங்களில் அதுவும் உரிந்து விழும். ஏன்?

செங்கல்லும் காரையும் நுண்ணிய துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நிலத்திலுள்ள நீர் இத்துளைகளின் வழியே மேலே ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. அது அங்கேயே படிகமாகிறது. பூச்சுக்குள் இருக்கும் துளைகளில் படிகம் வளரும்போது சுற்றிலும் அழுத்தம் தருகிறது. அந்த அழுத்தமே பூச்சைப் பொரியச் செய்கிறது. சுவரைக் கெடுப்பது நீர் மட்டுமல்ல. நீர் விட்டுச்சென்ற உப்பும்தான்.

நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே இங்கு வேலை. ஈரம் தரையிலிருந்து மேல்நோக்கிப் பரவி, ஓர் உயரத்தில் நின்றுவிட்டால் நிலத்து நீரைச் சந்தேகிக்கலாம். சுவரின் நடுவில் திட்டாகத் தோன்றினால் உள்ளே போகும் நீர்க்குழாயைச் சந்தேகிக்கலாம். மேலிருந்து இறங்கினால் மொட்டை மாடித் தளத்தைப் பார்க்க வேண்டும்.

ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு முழம் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளிகள் இருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் துளிகள் இருந்தால், அறைக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. சன்னலைத் திறந்து காற்றோட்டம் தந்தாலே பெரிதும் தீரும்.

தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முறையாகக் கட்டிய வீட்டின் அடித்தளத்துக்குமேல் ஈரம் ஏறாதபடி ஒரு தடுப்புப் படை இருக்கும். பூச்செடிப் பாத்தி போடுவதற்காகச் சுவரை ஒட்டி மண்ணைக் குவித்தால், அந்தப் படைக்கும் மேலே மண் ஏறிவிடும். பிறகு தடுப்பு இருந்தும் பயனில்லை. மண்ணை வெட்டித் தாழ்த்துங்கள். மழை நீர் வீட்டை நோக்கி ஓடாமல், வீட்டிலிருந்து விலகி ஓடும்படி சரிவு அமையுங்கள். பல வீடுகளில் வண்ணப்பூச்சு செய்யாத நன்மையை ஒரு மண்வெட்டி செய்துவிடும்.

மழைக்காலத்துக் கதவு

ஐப்பசி மழை தொடங்கியதும் மரக்கதவு நிலையில் இறுகுகிறது. தச்சரை அழைத்து உடனே இழைத்துவிடலாமா? சற்றுப் பொறுங்கள்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். வறண்ட காலத்தில் ஈரத்தை விட்டுச் சுருங்கும். இதில் ஒரு விந்தை உண்டு. மரம் இழையோட்டத்துக்குக் குறுக்கேதான் நன்கு பருக்கிறது. நீளவாக்கில் ஏற்படும் மாற்றம் மிக மிகக் குறைவு. அதனால்தான் கதவு அகலத்தில் இறுகுகிறதே தவிர, உயரத்தில் அவ்வளவாக இல்லை. மழையில் பருத்த கதவை அப்போதே இழைத்தால், பங்குனி வெயிலில் இடைவெளி விழும்.

உண்மையில் பருத்திருக்கிறதா, அல்லது கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டதா? சுண்ணக்கட்டியைக் கதவின் ஓரம் முழுவதும் தேய்த்து, ஒருமுறை மூடித் திறங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே நிலையில் வெள்ளை ஒட்டியிருக்கும். ஓரம் முழுவதும் ஒட்டினால் கதவு பருத்துள்ளது. பூட்டுப் பக்கத்தின் மேல்மூலையில் மட்டும் ஒட்டினால் மேல்கீலைப் பாருங்கள். பெரும்பாலும் திருகாணி தளர்ந்திருக்கும். துளை பெரிதாகித் திருகாணி பிடிக்காவிட்டால், இரண்டு மூன்று தீக்குச்சிகளை மருந்து நீக்கித் துளையில் செருகி மீண்டும் முறுக்கலாம்.

பருத்த கதவுக்கு மருந்து, கோடையில் அதன் மேல்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் விடாமல் வண்ணம் பூசுவது. கண்ணில் படாத அந்த இரண்டு விளிம்புகளிலும்தான் ஈரம் எளிதாக ஏறுகிறது.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று

அரசம்பழத்தைத் தின்ற பறவைகள் எச்சமிடும்போது மிகச் சிறிய விதைகள் சுவர் வெடிப்புகளில் விழுகின்றன. அங்கே சிறிது தூசியும் மழை ஈரமும் கிடைத்தால் போதும், முளைத்துவிடும். மென்மையான வேர்நுனி வெடிப்புக்குள் நுழைகிறது. ஆண்டுதோறும் வேர் பருக்கும்போது செங்கல்லை நெம்பித் தள்ளுகிறது.

வீட்டுக்காரர் தண்டை வெட்டுகிறார். வேரில் உணவு சேமிப்பு இருப்பதால் மீண்டும் துளிர்க்கிறது. ஒவ்வொரு ஆண்டும் வெட்டுகிறார். ஒவ்வொரு ஆண்டும் உள்ளே வேர் கனக்கிறது. சிலர் அமிலத்தை ஊற்றுகிறார்கள். அமிலம் சுண்ணாம்பையும் சிமெண்டையும் கரைத்துச் சுவரையே பலவீனமாக்கும். கையையும் கண்ணையும் சுட்டுவிடும். இது வேண்டவே வேண்டாம்.

இரண்டு இலைப் பருவத்தில், மழை பெய்து சுவர் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி, வெடிப்பை அன்றே சிமெண்டுக் கலவையால் அடைப்பதுதான் சிறந்த வழி. வேர் கனத்துவிட்டால் கொத்தனாரைக் கொண்டு சில செங்கற்களைப் பெயர்த்து, வேரை நீக்கி, மீண்டும் கட்ட வேண்டும். மாடி விளிம்பில் குனிந்து செய்யும் வேலை இது. பெரியவர்கள் உடன் இல்லாமல் நீங்கள் இறங்கக் கூடாது.

பியூஸ் போனால்

கம்பியில் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஜூல் 1841-இல் வெளியிட்ட விதி இது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு!

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். அதே இணைப்பில் 1,500 வாட் நீர்க் கொதிகலனையும் போட்டால் மொத்தம் 10.9 ஆம்பியர். அங்கே 5 ஆம்பியர் பியூஸ் கம்பி இருந்தால் அது சூடேறி உருகி, மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. பியூஸ் போவது பழுது அல்ல. பழுதைப் பற்றிய எச்சரிக்கை.

பியூஸ் கம்பி மெல்லியது. எனவே சுவருக்குள் போகும் கம்பியைவிட முந்திச் சூடாகி உருகுகிறது. அந்த இடத்தில் கனமான செம்புக் கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்? அது உருகாது. பதிலாகச் சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறும். சாதாரண வீட்டுக் கம்பிகளின் பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பம் 70 டிகிரி செல்சியஸ்தான். அதற்குமேல் நாளடைவில் உறை இளகிச் சிதைந்து, தீப்பிடிக்கவும் கூடும். எச்சரிக்கும் காவலாளியை நீக்கிவிட்டு வீட்டையே பியூஸ் ஆக்கிய கதை இது.

இன்று பல வீடுகளில் பியூசுக்குப் பதிலாகத் தானியங்கித் துண்டிப்பான்கள் உள்ளன. சுமை மிகும்போது ஈருலோகப் பட்டை வளைந்தும், மின்குறுக்கு ஏற்படும்போது மின்காந்தம் இழுத்தும் அவை இணைப்பைத் துண்டிக்கின்றன. மின்கசிவுத் துண்டிப்பான் இன்னொரு வகை. அது போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் வைப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்குள் துண்டிக்கும் வகை. இவை மீண்டும் மீண்டும் விழுந்தால் மேலே தள்ளிக் குச்சி முட்டுக் கொடுக்காதீர்கள். எந்தக் கருவியைப் போட்டதும் விழுகிறது என்று கவனித்துப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். கவனிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. மின்பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்ற மின்பணியாளரின் வேலை.

வீட்டுக்கு ஒரு பழுதுக் குறிப்பேடு

ஒரு பழைய நோட்டில் ஐந்து கட்டங்கள் வரையுங்கள்: நாள், கண்ட அடையாளம், ஊகித்த காரணம், செய்த சோதனை, முடிவு. கூடவே மற்றொரு கேள்விக்கும் விடை எழுதுங்கள்: இதை நானே செய்யலாமா, கூடாதா? வாஷர், கீல் திருகாணி, தோட்டத்து மண் இவற்றைப் பெரியவர்கள் துணையோடு நீங்கள் செய்யலாம். மின்சாரம், உயரம், அமிலம், சமையல் வாயு இந்த நான்கிலும் கை வைக்கக் கூடாது.

பிளம்பரோ கொத்தனாரோ வரும்போது அருகில் நின்று பாருங்கள். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள் அண்ணே?" என்று கேளுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத பல செய்திகள் அவர்கள் கைகளில் இருக்கின்றன. அவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பதிவை இன்றே தொடங்கலாம். உங்கள் வீட்டில், பள்ளியில், தெருவில் சொட்டும் குழாய்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் கீழும் டம்ளரை வைத்து அளந்து, ஓர் ஆண்டுக் கணக்கைப் போட்டுத் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள்.