ஸ்கேன் தாளில் எழுதியிருந்தது என்ன?

கொழும்பிலிருந்து பலாங்கொடை, அல்துமுல்லை ஊடாக ஏறி வரும் பெருந்தெரு பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளைக்கு மேலேறும். மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். அந்தச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலை மலைக்குள் அரை மணி நேரம் நடந்தால் நான் சொல்லப்போகும் லயம் வரும். அதன் தொங்கல் காம்பராவில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். தங்கச்சி என்றே சொல்கிறேன்.

தங்கச்சியின் தாய் தகப்பன் 1983 கலவரத்துக்குப் பின் ஊவாத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர்கள். அவள் அங்கேதான் பிறந்து வளர்ந்தாள். 2009இல் செல் துண்டுகள் அவளுடைய இடுப்பிலும் வயிற்றோரத்திலும் பட்டன. மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, பிறகு பாட்டியைத் தேடி பெரகலைக்கு வந்து, இங்கேயே கலியாணம் முடித்தாள். முதற் குழந்தை பெண். சிசேரியன் செய்து எடுத்தார்கள்.

2022 ஏப்ரல் மாதம் நான் போனபோது அவளுக்கு ஐந்து மாதம். இஸ்தோப்பில் பாய் போட்டு உட்காரவைத்து, பிளேன்டீ தந்து, ஒரு தாளைக் காட்டினாள்.

"அக்கா, பிரைவேட்ல ஸ்கேன் எடுத்தோம். ஆம்புளப் புள்ளையாம்."

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குத் திகதி கொடுத்துத்தான் இருந்தார்கள். ஆனால் பேரனா பேத்தியா என்று தெரியும்வரை மாமியாருக்குப் பொறுமை இல்லை. அப்போது நாட்சம்பளம் 1000 ரூபா. ஸ்கேனுக்கும் ஓட்டோவுக்குமாக நான்கைந்து நாள் சம்பளம் போயிருந்தது. நானும் "நல்லது" என்று சொல்லி, தாளை மடித்துக் கொடுக்கப் போனேன். நான் சமூகவியல் படித்தவள், வைத்தியம் அறியேன். ஆனாலும் கீழே தடித்த எழுத்தில் இருந்த ஓர் ஆங்கில வரி கண்ணில் பட்டது. அதைப் பற்றி அங்கே ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல அக்கா. நாங்களும் கேக்கல."

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு குடும்பநல மருத்துவமாதுவிடம் போனேன். அந்த அம்மா தாளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நச்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அதுதான் அந்த வரி. பிள்ளை வெளியே வரவேண்டிய வாசலை நச்சுக்கொடி அடைத்துக்கொண்டிருந்தால், வலியே இல்லாமல் திடீரென்று இரத்தம் போகும். லயத்திலேயே அப்படி நடந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

நான்கைந்து நாள் சம்பளம் கொடுத்து வாங்கிய தாளில் உயிர் காக்கும் செய்தி இருந்தது. வீட்டார் வாசித்ததோ ஆணா பெண்ணா என்பதை மட்டும்.

சத்தத்தால் வரையும் படம்

ஸ்கேன் என்றதும் எக்ஸ்ரே மாதிரி என்று பலர் பயப்படுகிறார்கள். இது அப்படியல்ல. காதுக்குக் கேட்காத நுண்ணிய ஒலி அலைகளை வயிற்றுக்குள் அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். தொழிற்சாலைகளில் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை வைத்துத்தான் இதற்கு வழி பிறந்தது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியரும் அவருடைய தோழர்களும் 1958இல் இதைப் பற்றி 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள்.

தங்கச்சிக்கு வேறொரு பயமும் இருந்தது. "இந்த மெசின் ஒடம்புல இருக்கிற செல் துண்ட இழுக்குமா அக்கா?" என்று கேட்டாள். அந்தப் பயத்தில், துண்டு இருப்பதையும் பழைய சிசேரியனையும் ஸ்கேன் எடுத்தவரிடம் மறைத்திருக்கிறாள். சகோதரிகளே, இரும்பை இழுக்கும் காந்தம் இருப்பது எம்.ஆர்.ஐ. கருவியில். அந்தப் பரிசோதனைக்கு முன் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். கர்ப்பிணிக்கு எடுக்கும் இந்த ஸ்கேனில் காந்தம் இல்லை, துண்டு அசையாது. ஆனாலும் பழைய காயத்தையும் வயிற்றில் செய்த சத்திரசிகிச்சையையும் சொல்லுங்கள். முன்பு சிசேரியன் செய்தவர்களுக்கு நச்சுக்கொடி கீழே ஒட்டிக்கொள்ளும் வாய்ப்புக் கூட. பழைய தழும்பின்மேல் ஆழமாக ஒட்டியிருக்கிறதா என்றும் அப்போது பார்ப்பார்கள்.

எந்த வாரத்தில் எது தெரியும்?

11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்தால் பிள்ளைக்கு எத்தனை வாரம், பிறக்கும் திகதி எது, ஒன்றா இரட்டையா, இதயம் துடிக்கிறதா என்பவை தெரியும். கடைசி மாதவிடாய்த் திகதி நினைவில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பதுதான் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். மூளை, முள்ளந்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கை கால், உதடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். இந்த நேரத்தில் அது கொஞ்சம் கீழே இருந்தால் கலங்கவேண்டாம். கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே போய்விடும். ஆனால் 32ஆம் வாரமளவில் மீண்டும் பார்க்கவேண்டும்.

பிந்திய மாதங்களில் பிள்ளையின் வளர்ச்சி, நீர்க்குடத்தின் அளவு, தலை கீழா மேலா என்பவை தெரியும்.

தெரியாதவையும் உண்டு. தாயின் இரத்தக் குறைவு, சீனி, பிரஷர் எதுவும் ஸ்கேனில் வராது. பதுளை மாவட்டத்தில் கூடுதலாகக் காணப்படும் தலசீமியா நோய்க்கு, தாய் தகப்பன் இருவரும் காவிகளா என்று இரத்தப் பரிசோதனையில்தான் பார்க்கவேண்டும். கிளினிக்கில் இலவசமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனைகள்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் போவதைத் தடுக்க உதவின. அதற்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. ஆகவே ஸ்கேன் எடுத்தோம், இனிக் கிளினிக் எதற்கு என்று நின்றுவிடாதீர்கள்.

ஆணா, பெண்ணா?

இந்தியாவில் பெண் சிசுக்கள் கருவிலேயே அழிக்கப்பட்டதால், ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்து. இதைத் தங்கச்சியின் மாமியாருக்குச் சொன்னபோது, அவர் மகனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மனம் உடையும் செய்தி வந்தால்

சில வேளை ஸ்கேனில் குறை தெரியவரும். உதடு பிளந்திருப்பது கிரகணம் பார்த்ததால் அல்ல. பிறந்தபின் சத்திரசிகிச்சை செய்து சரிப்படுத்தலாம். முள்ளந்தண்டுக் குறையைப் பெருமளவு தடுக்க, கருத்தரிக்க முன்பிருந்தே போலிக் அசிட் மாத்திரை குடிக்கலாம். குறை பெரிதானால், பிள்ளையை எங்கே பெறுவது, பிறந்தவுடன் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஆயத்தமாகலாம். நம் நாட்டுச் சட்டத்தில், தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றிக் கருவைக் கலைக்க இடமில்லை. ஆகவே யாராவது இரகசியமாக ஓரிடத்தைக் காட்டினால் போகாதீர்கள். ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், பெரிய ஆஸ்பத்திரியில் மகப்பேற்று நிபுணரிடம் மீண்டும் காட்டுங்கள்.

அந்தச் செய்தி உங்கள் பாவத்தின் சம்பளம் அல்ல. போரில் பட்டதெல்லாம் போதாதா என்று ஒரு தாய் என்னிடம் அழுதிருக்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கூட இருந்தேன். நீங்களும் அப்படிப்பட்டவளோடு கூட இருங்கள்.

போகும்போது நினைவில் வைக்கவேண்டியவை

தனியாரிடம் போவது தவறல்ல. ஆனால் கிளினிக் அட்டையையும் கொண்டுபோங்கள். தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பதிவு உண்டா, ஸ்கேன் எடுப்பவர் யார் என்று கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

சில நேரம் பெண்ணுறுப்பின் வழியாகக் கருவியைச் செலுத்திப் பார்க்கவேண்டி வரும். முதலில் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு பெண் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்கலாம். நடுவிலும் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். வன்முறையை அனுபவித்த பெண்ணுக்கு அந்தக் கட்டில் பழையதையெல்லாம் நினைவூட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழும்பி வருமுன் நான்கு கேள்வி கேளுங்கள். பிள்ளைக்கு எத்தனை வாரம்? நச்சுக்கொடி எங்கே? நீர் போதுமா? மீண்டும் எப்போது பார்க்கவேண்டும்? மறுமொழியைத் தமிழில் கேளுங்கள். தாளை அடுத்த கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பிறகு நடந்தது

ஜூன் மாதம் மீண்டும் பார்த்தபோதும் நச்சுக்கொடி விலகவில்லை. தூரத்தையும், பெற்றோல் தட்டுப்பாட்டையும் சொல்லி, அந்த மாதக் கடைசியிலேயே தங்கச்சியைப் பதுளை ஆஸ்பத்திரி வார்ட்டில் நிற்பாட்டினார்கள். பிள்ளையின் சுவாசப்பை முதிர ஊசியும் போட்டார்கள். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்கள் அவை. ஜூலை முதல் வாரத்தில் ஒரு நடுச்சாமம், வலி ஏதுமின்றி இரத்தம் போகத் தொடங்கியது. வார்ட்டில் இருந்தபடியால் உடனே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். லயத்தில் இருந்திருந்தால் அந்த இரவில் ஓட்டோ பிடிக்க எங்களால் முடிந்திருக்காது.

பிள்ளை சிறியது. பல நாள் குழந்தைகள் பிரிவில் இருந்துதான் வந்தான். இப்போது மலைப் பாதையில் எனக்கு முன்னால் ஓடுகிறான்.

சென்ற முறை போனபோது தங்கச்சி பெட்டியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையைக் காட்டினாள். உள்ளே மெனிக் பாம் அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் அட்டை, அவற்றோடு அந்த ஸ்கேன் தாள். இடம்பெயர்ந்து ஓடியபோது பானை சட்டியை விட்டோம், ஆடு மாட்டை விட்டோம். கடதாசிகளை மட்டும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தோம். ஒரு தாளின் பெறுமதி நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஸ்கேன் தாளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டிக்குள் வைக்குமுன் யாரிடமாவது வாசிக்கக் கொடுங்கள்.