மயலின் சீரமைப்பு: தண்டுவட மரப்பு நோயும் ராபின் பிராங்கிளினின் ஆய்வுகளும்

ராபின் பிராங்கிளின் இங்கிலாந்தைச் சேர்ந்த நரம்பியல் அறிவியலாளர் ஆவார். கால்நடை மருத்துவம் பயின்ற இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி, அங்கு மயலின் சீரமைப்புக்கான ஆய்வு மையத்தை வழிநடத்தினார். 2022 முதல் கேம்பிரிட்ஜில் உள்ள ஆல்டோஸ் ஆய்வகத்தில் பணிபுரிகிறார். மூளையிலும் தண்டுவடத்திலும் சிதைந்த மயலின் உறை தானாகவே மீண்டும் உருவாவது எப்படி, வயது ஏற ஏற அது ஏன் தடைபடுகிறது என்பனவே இவருடைய ஆய்வின் மையக் கேள்விகள். தண்டுவட மரப்பு நோய் எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான புதிய மருத்துவ முயற்சிகள் சில இந்த ஆய்வுகளிலிருந்தே பிறந்தன.

மயலின் உறை

நியூரானின் நீண்ட இழையான ஆக்சானைச் சுற்றிப் பல அடுக்குகளாகப் படிந்திருக்கும் கொழுப்பு மிகுந்த உறையே மயலின். 1854-இல் ருடால்ஃப் விர்ஷோ இதற்கு இப்பெயரைச் சூட்டினார். மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடென்ட்ரோசைட்டு என்னும் உயிரணுக்கள் இவ்வுறையை உருவாக்குகின்றன.

மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பெயர்பெற்ற கோயம்புத்தூரில் இதை எளிதில் விளக்கலாம். மோட்டார் காயிலில் சுற்றப்படும் செம்புக் கம்பியின் மேல் காப்புப் பூச்சு இருக்கும். பூச்சு கெட்டால் மின்சாரம் போகவேண்டிய வழியில் போகாமல் மோட்டார் பழுதாகும். மயலினும் ஒரு வகைக் காப்புறைதான். ஆனால் அது கூடுதலாக ஒரு வேலையும் செய்கிறது. உறையில் இடைவெளி விட்டு அமைந்துள்ள ரேன்வியர் கணுக்கள் வழியாக நரம்புச் சமிக்ஞை தாவித் தாவிச் செல்கிறது. உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் செல்லும் சமிக்ஞை, உறையுள்ள தடித்த இழையில் 100 மீட்டர் வரை செல்லக்கூடும். ஆக்சானுக்குத் தேவையான ஆற்றல்பொருள்களை வழங்குவதிலும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளுக்குப் பங்கு உண்டு. எனவே உறையை நீண்டகாலம் இழந்த ஆக்சான் மெல்ல அழியத் தொடங்குகிறது.

தண்டுவட மரப்பு நோய்

இந்நோயில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மயலினைத் தாக்குகிறது. 1868-இல் பாரிசில் ழான் மார்ட்டின் சார்க்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். பார்வை மங்கல், கைகால் மரத்துப்போதல், தள்ளாட்டம், கடும் சோர்வு, சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவை முக்கிய அறிகுறிகள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது; பெண்களில் ஆண்களைவிட அதிகம். 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. எப்ஸ்டீன்-பார் வைரசு தொற்றுக்கும் இந்நோய்க்கும் வலுவான தொடர்பு இருப்பதை 2022-இல் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு காட்டியது.

இன்று கிடைக்கும் மருந்துகள் நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கிப் புதிய தாக்குதல்களைக் குறைக்கின்றன. ஏற்கெனவே சிதைந்த உறையை மீண்டும் கட்டும் மருந்து எதுவும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே மயலின் சீரமைப்பு ஆய்வின் நோக்கம்.

உறை மீண்டும் உருவாகும் விதம்

முதிர்ந்த விலங்கின் தண்டுவடத்தில் சிதைந்த மயலின் மீண்டும் உருவாகும் என்பதை 1961-இல் மேரி பங்கே, ரிச்சர்ட் பங்கே, ஹான்ஸ் ரிஸ் ஆகியோர் பூனைகளிடம் கண்டறிந்தனர். மனித மூளையிலும் இது நிகழ்கிறது. அதன் படிகள் வருமாறு:

1. மூளையெங்கும் பரவியுள்ள ஒலிகோடென்ட்ரோசைட்டு முன்னோடி உயிரணுக்கள் பெருகிச் சிதைந்த இடத்துக்கு நகர்கின்றன.
2. விழுங்கணுக்களும் மைக்ரோகிளியா உயிரணுக்களும் பழைய மயலின் சிதைவுகளை அகற்றுகின்றன.
3. முன்னோடி உயிரணுக்கள் முதிர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளாக மாறி ஆக்சானைச் சுற்றிப் புதிய உறையை அமைக்கின்றன.

எரிந்த கம்பியை முழுவதும் உருவி எடுத்த பிறகே புதுக் காயில் கட்ட முடியும் என்பதைப் போன்றது இரண்டாம் படி. அதில் தாமதம் ஏற்பட்டால் மூன்றாம் படியும் தள்ளிப்போகிறது.

முதுமையும் சீரமைப்பும்

இளம் விலங்குகளில் விரைவாக நடக்கும் இந்தச் சீரமைப்பு, முதிய விலங்குகளில் மந்தமாகிறது. அதற்கான காரணங்களைத் தேடிய பிராங்கிளினின் குழு பின்வரும் முடிவுகளைக் கண்டது.

2012: ஏமி வேகர்சின் குழுவுடன் சேர்ந்து ஓர் இளம் எலியின் இரத்த ஓட்டத்தை ஒரு முதிய எலியுடன் இணைத்தனர். இளம் எலியிலிருந்து வந்த விழுங்கணுக்கள் சிதைவுகளை நன்கு அகற்றியதால், முதிய எலியின் மயலின் சீரமைப்பு மேம்பட்டது.

2019: வயதாகும்போது மூளைத் திசு விறைப்பாவதும் முன்னோடி உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது எனக் கெவின் சாலட்டின் குழுவுடன் காட்டினர். மென்மையான சூழலில் வைக்கப்பட்ட முதிய உயிரணுக்கள் இளம் உயிரணுக்களைப் போல நடந்துகொண்டன.

2019: முதிய எலிகளின் முன்னோடி உயிரணுக்கள், முதிர்ச்சியைத் தூண்டும் பொருள்களுக்கே செவிசாய்ப்பதில்லை என அறிந்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் உணவைத் தவிர்க்கச் செய்தபோது அந்தத் திறன் மீண்டது. நீரிழிவுக்கு வழங்கப்படும் மெட்பார்மின் மருந்தும் இதே பலனைத் தந்தது.

இவற்றின் சாரம் ஒன்றே: முதுமையில் சீரமைப்புத் திறன் நிரந்தரமாக அழிந்துவிடுவதில்லை, அதை மீட்கும் வழி இருக்கலாம்.

மனிதர்களிடம் சோதனைகள்

மயலின் சீரமைப்பை அளக்கப் பெரிதும் உதவுவது பார்வைத் தூண்டல் மறுமொழிச் சோதனை. திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறித் தோன்றும். கண்ணிலிருந்து மூளைக்குச் சமிக்ஞை சேரும் நேரம் மில்லிநொடிகளில் அளக்கப்படும். உறை மீண்டால் அந்த நேரம் குறையும்.

2017-இல் கலிபோர்னியாவில் 50 நோயாளிகளிடம், ஒவ்வாமைக்கான பழைய மருந்தாகிய கிளெமாஸ்டின் சோதிக்கப்பட்டது. சமிக்ஞைத் தாமதம் ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 1.7 மில்லிநொடி குறைந்தது. முன்னேற்றம் சிறியது, சோர்வும் கூடியது. பின்னர் வேறொரு ஆய்வில், படிப்படியாக முற்றும் வகை நோயுள்ள சிலருக்கு இதே மருந்தால் உடல்நிலை விரைவாக மோசமானதால், அந்தச் சோதனைப் பிரிவு நிறுத்தப்பட்டது.

பிராங்கிளினின் அடிப்படை ஆய்வைத் தொடர்ந்து, பெக்சரோட்டின் என்ற மருந்து சோதிக்கப்பட்டு 2021-இல் முடிவு வெளியானது. உறை மீண்டதற்கான அடையாளங்கள் தென்பட்டபோதும் சோதனையின் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. தைராய்டு குறைபாடு, இரத்தக் கொழுப்பு உயர்வு போன்ற பக்கவிளைவுகளால் இம்மருந்து கைவிடப்பட்டது. அடுத்து மெட்பார்மினையும் கிளெமாஸ்டினையும் சேர்த்துக் கொடுக்கும் சோதனையைக் கேம்பிரிட்ஜ் குழுவினர் மேற்கொண்டனர்.

மெட்பார்மின் நம் வீடுகளில் பலரும் அறிந்த மாத்திரை. அதனாலேயே ஓர் எச்சரிக்கை தேவை. எலிகளிடம் கண்ட பலன் மனிதர்களிடம் அப்படியே கிடைக்கும் எனக் கொள்ள முடியாது. இம்மருந்துகளைத் தண்டுவட மரப்பு நோய்க்கெனத் தாமாக உட்கொள்வதும், நோய்த் தாக்குதலைத் தடுக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பட்டினி இருப்பதும் கேடு விளைவிக்கும்.

தென்னிந்தியச் சூழல்

இந்தியாவில் இந்நோய் ஐரோப்பாவைவிடக் குறைவு. ஆனால் அரியது என ஒதுக்கிவிட முடியாது. மங்களூரில் நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட் மேற்கொண்ட கணக்கெடுப்பு, மயலின் சிதைவு நோய்கள் தென்னிந்தியாவிலும் கவனிக்கத்தக்க அளவில் இருப்பதைக் காட்டியது.

இங்கு நோயைச் சரியாகப் பிரித்தறிவது மிக முக்கியம். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறொரு நோயும் பார்வையையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. அதன் எதிர்ப்பொருள் 2004-இல் கண்டறியப்பட்டது. இரத்தச் சோதனையில் அதை அறியலாம். தண்டுவட மரப்பு நோய்க்குக் கொடுக்கும் இன்டர்பெரான் பீட்டா போன்ற சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கக்கூடும்.

உடல் வெப்பம் கூடும்போது உறையிழந்த இழைகளில் சமிக்ஞை மேலும் தடைபடும். 1890-இல் வில்ஹெல்ம் உத்தாஃப் இதை விவரித்தார். கொங்கு நாட்டின் கோடைக்காலத்தில் நோயாளிக்குப் பார்வை மங்குவதோ கால் தளர்வதோ இதனால் நேரலாம். உடல் குளிர்ந்ததும் இது சரியாகும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் புதிய தாக்குதலாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரை அணுக வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் தண்டுவட மரப்பு நோயும் ஒன்று. வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரிபவர்களும் குறைபாட்டின் அளவைப் பொறுத்து இச்சட்டத்தின்கீழ் சான்றிதழ் கோரலாம்.

உறையிழந்த ஆக்சான் அழிந்துவிட்டால் அதன்மேல் புதிய உறையைச் சுற்ற இயலாது. ஆகவே சீரமைப்பு மருந்து நாளை வந்தாலும், அதன் பயன் இன்று காப்பாற்றப்படும் ஆக்சான்களின் அளவையே சார்ந்திருக்கும். நோயை விரைவில் கண்டறிந்து சிகிச்சை தொடங்குவதே இப்போதைக்கு உறுதியான வழி.