மழைக்கு லீவு விடாத சைக்கிள்!

லீவுல பார்ட்-டைம் வேலை பார்த்துச் சேர்த்தது, அப்பாகிட்ட கெஞ்சி வாங்கினது, பாட்டி சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது... எல்லாத்தையும் கூட்டி ஒரு ரோடு பைக் வாங்கக் கிளம்பிட்டீங்களா? சபாஷ்! (பெட்ரோல் போடுற பைக் இல்லீங்க. வளைஞ்ச ஹேண்டில்பார், ஒல்லி டயர்னு ஜிவ்வுனு பறக்குமே, அந்த சைக்கிள்!) கடைக்குள்ள காலை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. நவம்பர் மாசம், காலை எட்டு மணி, 'சோ'ன்னு மழை, ஒன்பது மணிக்கு இன்டர்னல் டெஸ்ட். அந்த சைக்கிள் உங்களை காலேஜில் கொண்டுபோய்ச் சேர்க்குமா?

சென்னையில் ஒரு வருஷத்துக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூணே மாசத்தில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மூணு மாசமும் சைக்கிள் ஷெட்டில் தூங்கினால், நீங்க வாங்கினது வாகனம் இல்லை... பொம்மை!

இங்கிலாந்தில் சைக்கிள் பைத்தியங்களிடம் 'வின்டர் பைக்' என்று ஒரு பழக்கம் உண்டு. வெயில் காலத்துக்கு பளபளா சைக்கிள். குளிர் காலத்துக்கு மட்கார்டு மாட்டின, கொஞ்சம் கனமான, அடிபட்டாலும் கவலைப்பட வேண்டாத இன்னொரு சைக்கிள். அங்கே பனியில் ரோடு உறையாமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணி நல்ல சைக்கிளைத் தின்றுவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. நமக்கோ ரெண்டு சைக்கிள் கட்டுப்படியாகாது. வாங்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான் என்றால், அது 'வின்டர் பைக்'காகத்தான் இருக்கணும். அந்த சைக்கிள் வெயிலிலும் ஓடும். ஆனா, வெயில் சைக்கிள் மழையில் ஓடாது! ஸோ, கடையில் கலரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க...

ஓட்டை இருக்கா?

சக்கரத்தின் அச்சு மாட்டுற இடத்துக்குப் பக்கத்தில், முன்னாடியும் பின்னாடியும் குட்டியாக ஸ்க்ரூ ஓட்டை இருக்கணும். மட்கார்டும் கேரியரும் மாட்டுறதுக்கான இடம் அது. பல ரேஸ் மாடல்களில் இருக்காது. மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழை நாளில் போனால், முதுகில் சேற்றால் நேர்கோடு போட்ட மாதிரி ஒரு டிசைன் கேரன்டி! உங்க பின்னாடி வர்ற நண்பனுக்கு முகம் முழுக்க அபிஷேகம்.

அடுத்து, சுண்டுவிரல் டெஸ்ட். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழையுதா? நுழையலைன்னா மட்கார்டுக்கும் இடமில்லை, பெரிய டயருக்கும் வழியில்லை.

ஒல்லியா... குண்டா?

23 மில்லிமீட்டர் டயர் ஒரு காலத்தில் ரேஸ் சைக்கிளின் அடையாளம். அதுக்கு 100 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று அடிக்கணும். காற்று கொஞ்சம் குறைஞ்சு, தண்ணிக்குள் ஒளிஞ்சிருக்கிற பள்ளத்தில் இறங்கினீங்கன்னா, ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் என்றால் குறைஞ்ச காற்றிலேயே ஓடும், குலுக்கலும் கம்மி. 'பட்டன் நிறைய இருந்தால்தான் வழுக்காது' என்பது கார் டயர் லாஜிக். சைக்கிள் டயர் ஒல்லி, வேகமும் குறைவு. தண்ணி தானாகவே ஒதுங்கிடும். ஈர ரோட்டில் வழுக்கிறது பெரும்பாலும் பெயின்ட் அடிச்ச கோடும் சாக்கடை மூடியும்தான். அங்கே திருப்பாமல், பிரேக் போடாமல் நேராகக் கடந்துடுங்க.

வால்வையும் பார்த்துக்கோங்க. ரோடு பைக்கில் பெரும்பாலும் மெலிசான 'பிரஸ்டா' வால்வுதான். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அதில் உட்காராது. குட்டியா ஒரு அடாப்டர் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுக்கோங்க.

பிடிக்குமா பிரேக்?

இதுதான் உயிர் விஷயம். ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கில், நனைஞ்ச ரிம்மிலிருந்து தண்ணியை வழிச்சு எடுக்கவே சில சுற்று போயிடும். அதுக்கப்புறம்தான் பிடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சில சுற்றுக்குள் முன்னாடி நிக்கிற பஸ் நகர்ந்து வழி விடாது! அலுமினிய ரிம் பரவாயில்லை. பளபளா ஸ்டீல் ரிம் ஈரத்தில் ரொம்ப மோசம். டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ., 2018-ல் ரோடு ரேஸ்களிலேயே அதுக்கு முழு அனுமதி கொடுத்துடுச்சு. கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் என்றால் தெருமுனை சைக்கிள் கடை அண்ணனே சரி பண்ணிடுவார். ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் நல்லாப் பிடிக்கும், ஆனா பழுது வந்தா தெரிஞ்ச மெக்கானிக்கைத் தேடிப் போகணும்.

பட்ஜெட் இடிக்குதா?

ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டு மூலையில் நிக்குதா? அதைக் கேவலமா பார்க்காதீங்க. மட்கார்டு, கேரியர் எல்லாம் ஏற்கெனவே இருக்கு. ஒரு ஓவராயில், புது பிரேக் கட்டை, ரெண்டு புது டயர், முன்னும் பின்னும் லைட்... போதும். வேகம் கம்மி, ஆனா வருஷம் முழுக்க வரும். ஸ்டீல் ரிம் என்றால் மட்டும், மழையில் முன்கூட்டியே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு வாங்க.

நனைஞ்சா துவட்டுங்க!

இங்கிலாந்துக்கு உப்பு ரோட்டில் என்றால், சென்னைக்காரங்களுக்குக் கடற்காற்றில். மழையில் போய் வந்ததும் பழைய துணியால் செயினைத் துடைச்சு, காய்ஞ்சதும் சைக்கிள் செயின் ஆயிலை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விடுங்க. மிச்சத்தைத் துடைச்சிடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழியில் உறைஞ்சிடும். அது தலைக்கு மட்டும்!

கடைசியா ஒரு ரூல். தண்ணி தேங்கி ரோடு கண்ணுக்குத் தெரியலைன்னா, எவ்வளவு காஸ்ட்லி சைக்கிளா இருந்தாலும் இறங்கிடுங்க. மூடி இல்லாத சாக்கடைக்கு பிராண்ட் தெரியாது. அன்னிக்கு மட்டும் பஸ்ஸைப் பிடிங்க. மத்த நாளெல்லாம்... பெடலை மிதிங்க பாஸ்!